வட ஆற்காட்டின் வளமும் விலங்கும் மின்சாரமும்: மூன்று கேள்விகளுக்கு ஒரு பதில்

காட்பாடிக்குப் பணிமாறுதலில் வந்து, பேரணாம்பட்டுப் பக்கம் சிறிது நிலம் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். வேலூர் வட்டாரத்தில் இயற்கை வளம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? இங்குள்ள காடுகளில் எந்தெந்த விலங்குகள் மிஞ்சியிருக்கின்றன? பெரிய மின் நிலையம் ஒன்றுகூடக் கண்ணில் படாத இந்தப் பகுதிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? கேள்விகள் மூன்றாக இருந்தாலும் இவற்றைப் பிரித்துப் பதில் சொல்வது இந்த மண்ணைப் பொறுத்தவரை சரியாக வராது. இங்கே முதலில் எரிபொருளாக இருந்தது காடு. காடு தேய்ந்தபின் வெளியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்தது. வந்த மின்சாரத்துக்குக் கிராமங்களில் கிடைத்த தலையாய வேலை, பாலாறு கொடுக்காத தண்ணீரைப் பூமிக்குள்ளிருந்து இறைப்பது. விலங்குகள் ஊருக்குள் வருவதும் இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் காலத்து வட ஆற்காடு மாவட்டத்துக்குச் சித்தூர்தான் தலைநகராக இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமானபோது வேலூர் தலைநகரானது. 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019-இல் எஞ்சியதும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. நான் வட ஆற்காடு என்று எழுதும் இடங்களில் இந்த நான்கு மாவட்டங்களையும் சேர்த்தே கொள்ளுங்கள். ஜவ்வாது மலையின் ஒரு சரிவு திருப்பத்தூரிலும் மறுசரிவு திருவண்ணாமலையிலும் இருக்கும்போது, இன்றைய எல்லையை வைத்துக் காட்டைப் பற்றிப் பேச வழியில்லை.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. அலுவலகத்தில் யாராவது இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சாமி 1981-இல் ஜலகண்டேசுவரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ராஜாவுக்கு இனித் தேவையில்லை. ஆறும் மலையும்தான் பாக்கி, அவை இரண்டும்தான் உங்கள் கேள்வியின் அடிப்படை.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, அங்கே சுமார் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடிக் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலில் சேர்கிறது. நீளத்தில் பெரும்பங்கு நம்மிடம் இருந்தாலும், தொடக்கம் நம் கையில் இல்லை. 1892-இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அட்டவணையிலுள்ள ஆறுகளில் சென்னையின் சம்மதமின்றி மைசூர் புதிய அணை கட்டக்கூடாது என்று எழுதப்பட்டது. பாலாறும் அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆனால், கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி இதே பாலாற்றில்தான் இருக்கிறது. பிற்காலத்தில் ஆந்திரப் பகுதியில் தடுப்பணைகள் வரிசையாக எழுந்தன; வாணியம்பாடியை ஒட்டிய புல்லூரில் 2016-இல் தடுப்பணையின் உயரம் கூட்டப்பட்டபோது இங்கே பெரிய எதிர்ப்பு எழுந்தது நினைவிருக்கலாம்.

இவ்வளவையும் சொன்னாலும், ஆற்றின் வறட்சிக்கு மேலேயுள்ளவர்களை மட்டும் காரணம் காட்டுவதை நான் ஏற்பதில்லை. பாலாறு எந்தக் காலத்திலும் காவிரியைப் போல வருடம் முழுவதும் ஓடிய ஆறு அல்ல. அதன் செல்வம் மேலே ஓடும் நீரில் இல்லை, கீழே கிடந்த மணலில் இருந்தது. பல ஆள் ஆழத்துக்குப் படிந்திருந்த அந்த மணல், மழைக்காலத்தில் வரும் சில நாள் வெள்ளத்தைக் குடித்து மாதக்கணக்கில் அடியில் தேக்கி வைத்துக்கொண்டது. உழவர்கள் ஆற்றுப் படுகையில் சாய்வாகக் கால்வாய் வெட்டி, மணலிலிருந்து கசியும் நீரை வயலுக்குக் கொண்டுபோனார்கள்; ஊற்றுக்கால் என்பது அதன் பெயர். ஆண்டுதோறும் ஊர் கூடி அதைத் தூர்வாருவார்கள். இயந்திரம் இல்லை, மாட்டைக் கட்டி இறைக்கவும் தேவையில்லை, சரிவே தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். லாரி லாரியாக மணல் அள்ளப்பட்டதும் படுகை இறங்கியது, ஊற்றுக்கால்களின் தலைப்பு மேட்டில் தங்கிப்போனது. ஒரு எரிபொருளும் கேட்காத பாசனம் அப்படித்தான் போயிற்று. அதன் இடத்துக்கு வந்தது மோட்டார்.

ஏரிகளின் கதை இதைவிடச் சற்று மேல். வாலாஜா அருகே 1858-இல் கட்டப்பட்ட பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்கள் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர் ஏரிகளுக்கு இன்றும் நீர் கொடுக்கின்றன. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது, தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. நிரம்பிய ஆண்டில் டிசம்பர், ஜனவரியில் அதன் கரையில் நின்றால் நீர்ப்பறவைக் கூட்டங்களைக் காணலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்வாருங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டி வெள்ளம் வந்தது. தண்ணீரே வராது என்று நம்பிப் படுகைக்குள் வீடு கட்டியவர்கள் ஒரே இரவில் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரில் பொன்னையாற்றின் மேலுள்ள பழைய ரயில் பாலத்தின் தூண் பழுதாகிக் காட்பாடி வழியாகச் செல்லும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 2019 ஜூலையில், மேட்டூர்க் காவிரி நீரை ஜோலார்பேட்டையில் ஏற்றி, 50 வேகன் கொண்ட ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். குடிப்பதற்கே காவிரியை நம்பியிருக்கும் இந்தப் பகுதியின் ரயில் நிலையத்திலிருந்து தலைநகருக்குத் தண்ணீர் போனது இங்குள்ள பலருக்குக் கசப்பாகவே இருந்தது.

இனி மலை. ஊரைச் சுற்றித் தெரியும் வெறும் பாறைக் குன்றுகளைப் பார்த்து இங்கே காடே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை, சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரி, வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அமிர்தி, மேற்கே குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லைக் காடுகள் ஆகியவை இந்த வட்டாரத்தின் உண்மையான காடுகள். இவை மழைக்காடுகள் அல்ல, கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பவை. மார்ச்சில் பார்த்தால் செத்த காடு போல இருக்கும், செப்டம்பரில் அடையாளம் தெரியாது. ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் தமிழர்கள்) சாமை விதைக்கிறார்கள். தேன், புளி, கடுக்காய் சேகரித்துக் கீழே கொண்டுவந்து விற்கிறார்கள்.

இந்தக் காடுகளை மெலிய வைத்த முதல் பெரும் பசி ரயிலுடையது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பிறகு பாதை ஜோலார்பேட்டையைத் தாண்டி மேற்கே நீண்டது. அன்றைய எஞ்சின்களுக்கு நிலக்கரி எளிதில் கிடைக்கவில்லை, விறகுதான் எரிந்தது. பாதையோரக் காடுகள் எவ்வளவு வேகமாகக் கரைந்தன என்பதைக் கண்ட அரசு, பிறகு காப்புக்காடுகளை வரையறுக்கத் தொடங்கியது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அப்படி வந்ததுதான். ஆக, இந்த வட்டாரத்தின் முதல் எரிசக்தி நிலையம் ஜவ்வாது, ஏலகிரி மலைகளின் அடிவாரம் என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாவது பசி தோல் தொழிலுடையது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டில் தோல் பதனிடுதல் வேரூன்றியதற்கு வியாபாரிகளின் சாமர்த்தியம் ஒரு காரணம் என்றால், வறண்ட மேட்டில் தானாக வளரும் ஆவாரை மற்றொரு காரணம். ஆவாரம்பட்டையை ஊறவைத்த சாற்றில் தோலை வாரக்கணக்கில் போட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுப்பார்கள். மஞ்சள் பூத்து நிற்கும் அந்தச் செடியை நீங்கள் சாலையோரத்தில் பார்த்திருப்பீர்கள். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்து, முழுதாக முடித்த தோலையும் தோல் பொருளையும் ஏற்றுமதி செய்யத் தூண்டியதும், பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பால் பதனிடுவது பரவலாகப் புகுந்தது. பட்டைக்கு வாரக்கணக்கு, குரோமியத்துக்கு மணிக்கணக்கு. வேகத்தோடு கழிவும் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரை அறிந்திருப்பது இந்த ஒரு வழக்கினால்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நிலைமை ஓரளவு மாறியது. ஆனாலும் 2025 ஜனவரியில் இதே மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு பல பத்தாண்டுகளாகக் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிந்து வெளியேறும். நிலத்தடி நீரை வளமாகக் கணக்கிடும்போது எவ்வளவு ஆழத்தில் கிடைக்கிறது என்பதோடு எப்படிப்பட்ட நீர் என்பதையும் கேட்க வேண்டிய ஊர் இது.

சந்தனத்தைப் பற்றிச் சொல்லாமல் ஜவ்வாது மலையைக் கடக்க முடியாது. சந்தன மரம் தன் வேரை அக்கம்பக்கத்துச் செடிகளின் வேரோடு பிணைத்து உணவில் ஒரு பகுதியை உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. காடு கலந்திருந்தால்தான் அது நன்றாக வளரும், தனியே நட்டால் சோடை போகும். வாசனையுள்ள வைரம், அதாவது நடுக்கட்டை, பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் தேவை. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இயங்கியதும் ஏலத்துக்கு வெளிமாநில வியாபாரிகள் வந்ததும் மூத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடத்தலும் வெட்டும் சேர்ந்து பெரிய மரங்களை அநேகமாக ஒழித்துவிட்டன. சந்தனம் தேய்ந்தபின் பார்வை செம்மரத்தின் மேல் திரும்பியது. உலகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் அந்த மரத்துக்காக, மரம் வெட்டத் தெரிந்த மலைவாசிகளை இடைத்தரகர்கள் ஆந்திரத்துக்கு அழைத்துப்போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் வட ஆற்காட்டு மலைக் கிராமத்தவர்களும் இருந்தார்கள். வளத்தைப் பட்டியலிடும் அரசுக் கையேடுகளில் இந்த வரி இடம்பெறுவதில்லை.

கனிமங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கருங்கல்லும் கிரானைட்டும் எங்கும் உண்டு, அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதுமையானது திருப்பத்தூர் அருகேயுள்ள செவ்வாத்தூர். அங்கே கார்பனடைட் என்ற அரிய எரிமலைக் குழம்புப் பாறையும் அதை ஒட்டி வெர்மிகுலைட் படிவமும் இருக்கின்றன; தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டி எடுக்கிறது. பார்க்க மைக்கா போலப் பழுப்பு நிறத்தில் தகடு தகடாக இருக்கும். சூடான இரும்புச் சட்டியில் ஒரு சிட்டிகை போட்டால், தகடுகளுக்கிடையே சிக்கியிருக்கும் நீர் ஆவியாகிப் புழுப்போல நெளிந்து நீண்டு, பல மடங்கு உப்பிவிடும். உப்பிய பொருள் வெப்பத்தைக் கடத்தாது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகையால் கொதிகலன்களுக்குப் போர்வையாகவும் நாற்றங்கால் தட்டுகளில் மண்ணுக்குப் பதிலாகவும் பயன்படுகிறது. மாடித் தோட்டத்துக்கு நீங்கள் பொட்டலமாக வாங்கும் பொருள் இதுவேதான்.

என்னைக் கேட்டால் இருட்டையும் வளங்களின் கணக்கில் சேர்ப்பேன். ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கு அங்குள்ள தெளிந்த இருண்ட வானமே காரணம். 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. கீழேயுள்ள ஊர்களின் விளக்கு வெளிச்சம் கூடக்கூட அந்த வானம் வெளுத்துவருகிறது.

விலங்குகளில் உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது யானை. ஆந்திரத்தில் அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகக் காட்டு யானை இல்லாமலே இருந்தது. 1980களில் ஓசூர், ஆனேக்கல் காடுகளில் வறட்சியும் நெருக்கடியும் மிகுந்தபோது சில கூட்டங்கள் கிழக்கே நகர்ந்து, குப்பம், பலமனேர் வழியாகச் சித்தூர் மாவட்டக் காடுகளை அடைந்தன. அவற்றுக்காகவே 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்தச் சரணாலயத்திலிருந்து வரும் கௌண்டின்ய மகாநதிதான் மோர்தானா அணையை நிரப்பிக் குடியாத்தத்துக்குள் வருகிறது. ஆறு வரும் வழியில் யானையும் வருவதில் வியப்பில்லை. மோர்தானா, சைனகுண்டா, பரதராமி பக்கத்து விவசாயிகளுக்கு நெல் பால்பிடிக்கும் பருவமும் மாங்காய் முற்றும் பருவமும் தூக்கமில்லாத மாதங்கள். வாழையும் கரும்பும் இருந்தால் இன்னும் மோசம். வனத்துறைக்காரர்களும் ஊர்க்காரர்களும் பட்டாசு வெடித்து, தகரம் தட்டி ஆந்திர எல்லைக்குள் விரட்டுவார்கள். அந்தப் பக்கத்தவர்கள் அதையே செய்து திருப்பி அனுப்புவார்கள். இரு மாநில வனத்துறைகளும் ஒரே திட்டத்தில் இயங்காதவரை இந்த விரட்டலால் யானைக்கு அலைச்சலும் மனிதனுக்கு ஆபத்தும்தான் மிச்சம் என்பது என் கருத்து. ஜவ்வாது மலைப் பக்கமும் யானைகள் வந்து தங்கியதுண்டு. 2013-இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் சுற்றிய 6 யானைகளைக் கும்கிகளைக் கொண்டு பிடித்து மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள்.

சிறுத்தை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஊரை ஒட்டி வாழக் கற்றுக்கொண்ட விலங்கு. 2024 ஜூனில் ஒரு சிறுத்தை திருப்பத்தூர் நகருக்குள் வந்து, ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகிலுள்ள பள்ளி வளாகத்தில் நுழைந்து, பிறகு கார் நிறுத்துமிடமொன்றில் பதுங்கியது. மயக்க ஊசி போட்டுத்தான் பிடிக்க முடிந்தது. ஆடு, நாய் எளிதாகக் கிடைக்கும் அடிவாரக் கிராமங்கள் அதற்குப் போதுமானவை. இவை தவிரக் கரடி, புள்ளிமான், காட்டுப்பன்றி, எறும்புத்தின்னி, முயல், மயில் எல்லாம் உண்டு. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றியதும் மான்கள் ஊருக்குள் இறங்கி, நாய்களிடம் கடிபட்டோ தேசிய நெடுஞ்சாலையில் அடிபட்டோ சாகின்றன. மாடு மேய்ப்பவர்கள் புதுப்புல்லுக்காகப் போதைப்புல் என்ற காட்டுப்புல்லுக்குத் தீ வைப்பதும் அந்த மாதங்களில்தான். முதுகில் நட்சத்திரக் கோடுகளுடன் புதர்க்காடுகளில் திரியும் நட்சத்திர ஆமையை யாராவது அதிர்ஷ்டப் பொருள் என்று விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள். அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

இப்போது மின்சாரம். நிலக்கரி இல்லை, ஆண்டு முழுதும் விழும் அருவி இல்லை, ஆரல்வாய்மொழி போலக் காற்றும் இல்லை. பழைய வட ஆற்காட்டு எல்லைக்குள் குறிப்பிடத்தக்க நீர்மின் உற்பத்தி என்றால் தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் முடிந்த சாத்தனூர் அணையின் 7.5 மெகாவாட் நிலையம்தான். அணை நீர் திறந்தால் ஓடும், இல்லையேல் நிற்கும். கரும்பு ஆலைகள் தங்கள் கொதிகலனைச் சக்கையிலேயே ஓட்டுகின்றன. மற்றபடி எல்லாம் வெளியிலிருந்து வருவதே. 1937-இல் இயங்கத் தொடங்கிய மேட்டூர் நீர்மின் நிலையம், 1962 முதல் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, 1980களில் கல்பாக்கம் அணுமின் நிலையம், வடசென்னை அனல்மின் நிலையம், தெற்கத்திக் காற்றாலைகள் என்று காலத்துக்கு ஒன்றாக மூலங்கள் கூடின. இவை அனைத்தும் ஒரே வலைப்பின்னலில் கலக்கின்றன. 2013 டிசம்பர் இறுதியில் தென்மாநில வலைப்பின்னல் நாட்டின் ஏனைய பகுதியோடு இணைந்தபின், உங்கள் வீட்டு மின்விசிறியைச் சுற்றுவது இந்த நிலையத்தின் மின்சாரம்தான் என்று விரல் நீட்டிக் காட்ட யாராலும் முடியாது. திருவலத்தில் பவர்கிரிட் என்ற மத்திய அரசு மின்கடத்தல் நிறுவனத்தின் 765 கிலோவோல்ட் துணை மின் நிலையம் இருக்கிறது, கர்னூல் பக்கத்திலிருந்து வரும் பெரும் பாதை அங்கே வந்து இறங்குகிறது. காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போகும்போது வானை மறைத்து நிற்கும் கோபுரங்கள் எதற்கு என்று யோசித்திருந்தால் இதுதான் விடை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ராணிப்பேட்டையிலுள்ள பெல் (பாரத மிகு மின்) நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவித் தொழிற்சாலை, அனல்மின் நிலையங்களின் புகையிலிருந்து சாம்பலை மின்னேற்றத்தால் பிடித்து நிறுத்தும் கருவிகளையும் பெரிய காற்றாடிகளையும் செய்து நாடெங்கும் அனுப்புகிறது. கல்பாக்கத்துக்கு வேண்டிய நன்னீர் பாலாற்றுக் கழிமுகத்துக்கு அருகிலுள்ள படுகைக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. மின்சாரம் தயாரிக்காத வட்டாரம், மின்சாரம் தயாரிப்பவர்களுக்குக் கருவியும் தண்ணீரும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வந்த மின்சாரம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு கிணற்றைப் பார்த்தால் போதும். குடியாத்தத்துக்கு மேற்கே உள்ள பழைய கிணறுகளில் மேலே கவலை என்னும் இறைவை கட்டி மாட்டைக்கொண்டு இறைத்த கற்தூண்கள் இன்னும் நிற்கின்றன. அதற்குக் கீழே, சுவரில் குடைந்த மாடத்தில், ஆயில் எஞ்சின் வைத்த எண்ணெய்க் கறை. இன்னும் கீழே, நீர் இறங்க இறங்க மோட்டாரை இறக்கி வைத்த இரண்டு மூன்று மேடைகள். அடிப்பாறையில் பக்கவாட்டில் துளைத்த சைடு போர், அதுவும் வற்றியபின் நடுவில் இறக்கிய ஆழ்துளை, அதிலிருந்து நீர்மூழ்கி மோட்டார் தூக்கிக் கொண்டுவந்து ஊற்றும் தண்ணீர். கிணறு இப்போது வெறும் தொட்டிதான். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அதில்லாமல் இந்தப் பகுதியில் விவசாயம் நின்றுபோயிருக்கும் என்பதும் உண்மை, அதனாலேயே நீர்மட்டம் இவ்வளவு வேகமாக இறங்கியது என்பதும் உண்மை. யூனிட்டுக்குப் பணம் கேட்டால் நீர் மிஞ்சும் என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. ஆற்று மணலை விற்றுவிட்டு உழவனிடம் மின் கட்டணம் கேட்பதில் நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். செய்யக்கூடியது வேறு பக்கம் இருக்கிறது: ஜவ்வாது மலையிலிருந்து வரும் நாகநதியில் ஊரக வேலைத் திட்டத்தில் பெண்கள் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டும் கிணறுகளும் சிறு தடுப்புகளும் அமைத்து, அண்டை ஊர்க் கிணறுகளில் நீரை ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக உங்கள் நிலம். பேரணாம்பட்டில் நீங்கள் பார்க்கும் இடம் காப்புக்காட்டை ஒட்டியிருந்தால், வேலி பற்றி முதலில் முடிவெடுங்கள். காட்டுப்பன்றிக்காக மின்கம்பத்திலிருந்து நேராகக் கொக்கி போட்டுக் கம்பியில் மின்சாரம் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதில் பன்றி மட்டும் சாவதில்லை. யானை செத்திருக்கிறது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரர் செத்திருக்கிறார். சூரிய மின்வேலி வேறு வகை: மின்கலத்திலிருந்து ஒரு கருவி விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் மிகக் குறுகிய அதிர்வாக மின்னழுத்தத்தை அனுப்பும், தொட்ட விலங்கு திடுக்கிட்டு விலகும், உயிருக்கு ஆபத்தில்லை. அதையும் இஷ்டப்படி அமைக்க முடியாது. 2023-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். யானை வரும் பாதையென்றால் வேலி எதுவானாலும் சாய்த்துவிடும். விலை பேசுவதற்கு முன் அக்கம்பக்கத்தாரிடம், சென்ற மாம்பருவத்தில் எத்தனை முறை வந்தது என்று கேட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குச் சூரிய பம்புசெட் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணமிருந்தால், அதற்கு அரசு மானியம் உண்டு. ஆனால் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதிகளில் புதிய ஆழ்துளைக்கு அது எளிதில் கிடைக்காது, இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி அந்த வகையில்தான் வருகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கிணற்றோடு சேர்த்து வாங்குவதாக இருந்தால், இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பங்காளிகளுக்கு அதில் உரிமை உண்டா என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பார்த்து, பெயர் மாற்றத்துக்கு விற்பவரின் சம்மதக் கடிதத்தைப் பத்திரப் பதிவு நாளன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.